பம்பாய் அளந்து தந்த மருந்து

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் மூவேந்தர் பெருமையும் முத்தமிழின் சிறப்பும் எழுதப்படுவது வழக்கம். எழுதவல்ல அறிஞர் பலர் நம்மிடையே உளர். மெட்ரிகுலேஷன் அளவோடு படிப்பை நிறுத்திக்கொண்டு இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றும் அடியேன், அவர்களுடைய துறையில் புகாமல், இவ்வாண்டு ஒரு மாத்திரையின் வரலாற்றைக் கூற முன்வந்துள்ளேன். இஃது என்ன விந்தை என்று அன்பர்கள் எண்ண வேண்டா. நம் காலனியில் நாற்பது வயதைக் கடந்தவர் வாழும் எந்த வீட்டிற்குச் சென்றாலும், சுவாமி படத்துக்குக் கீழேயோ சமையலறை அலமாரியிலோ இரத்தக் கொதிப்பு மாத்திரை ஒன்று இருக்கக் காணலாம். நாள்தோறும் நம் வாய்க்குள் செல்லும் அம்மாத்திரையின் குலமுறை நமக்குத் தெரிந்திருப்பது நலமன்றோ?

இவ்வாராய்ச்சியில் நான் இறங்கியதற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. என் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளவயதில் தாராவிக்கு வந்து, பின்னர் இரயில்வேயில் பிட்டர் வேலையில் அமர்ந்தவர். ஐம்பதாம் வயதில் நடந்த உடல் தகுதிச் சோதனையில் அவருக்கு அழுத்தம் 180க்கு 110 என்று கண்டறிந்து மருத்துவர் மாத்திரை கொடுத்தார். மூன்று திங்கள் ஒழுங்காக உட்கொண்டார். மீண்டும் அளந்தபோது 130க்கு 84 என்று வந்தது. "குணமாகிவிட்டது; இனி எதற்கு வீண் செலவு?" என்று அன்றே நிறுத்திவிட்டார். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, வேலையில் குறைவில்லை. ஒன்றரை ஆண்டு கழித்து ஒருநாள் விடியற்காலையில் தேநீர்க் குவளை அவருடைய வலக்கையிலிருந்து நழுவி விழுந்தது. அதன்பின் ஏழாண்டு வாழ்ந்தார். ஆனால் அந்தக் கை மீண்டும் குவளையைப் பிடிக்கவேயில்லை.

சென்ற ஆண்டு என் சோதனையிலும் 160க்கு 100 என்று வந்தது. என் மேசைமீதும் அதே போன்ற பெட்டி வந்து சேர்ந்தது. நோவு இல்லாத நோய்க்கு வாழ்நாள் முழுவதும் மருந்து ஏன்? அம்மருந்து உள்ளே சென்று என்னதான் செய்கிறது? இவ்விரண்டு வினாக்களுக்கும் விடை தேடிச் சென்ற நான், தேடிய பொருளின் ஒரு பகுதி நாம் வாழும் இந்நகரிலேயே, மாட்டுங்காவிலிருந்து இரண்டு இரயில் நிலையங்கள் தள்ளிப் பரேலில் இருப்பதைக் கண்டு வியந்தேன். அதனையே இங்கே கூறுகிறேன்.

குழாயும் அழுத்தமும்

முதலில் அழுத்தம் என்பது என்ன என்று காண்போம். இரயில்வேயில் பணிபுரிவோர்க்கு இது எளிதில் விளங்கும். வண்டித் தொடர் முழுவதும் ஓடும் பிரேக் குழாயில் காற்றழுத்தம் குறிப்பிட்ட அளவில் நிற்க வேண்டும்; நிற்கிறதா என்பதைக் காட்ட மானி உண்டு. அழுத்தம் தவறினால் அதைக் காதால் கேட்டோ கண்ணால் கண்டோ அறிய இயலாது, மானியே சொல்லும். நம் உடலும் அத்தகையதே. ஓய்வாக இருக்கும்போது இதயம் ஒரு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஐந்து லிட்டர் குருதியைக் குழாய்களில் செலுத்துகிறது. பெருந்தமனியில் புறப்பட்ட குருதி கிளை கிளையாகப் பிரிந்து, முடிவில் மயிரிழை போன்ற சிறு தமனிகளை அடைகிறது. அழுத்தத்தை ஏற்றுவதும் இறக்குவதும் பெரும்பாலும் இச்சிறு தமனிகளே.

அவை ஈயக் குழாய்கள் போல் உயிரற்றவை அல்ல. அவற்றின் சுவரில் வளையமாகச் சுற்றிய தசை உண்டு. அத்தசை இறுகினால் வழி குறுகும். தளர்ந்தால் வழி விரியும். குழாயின் வழி பாதியாகக் குறைந்தால் தடை இருமடங்கு ஆகும் என்றுதான் நாம் நினைப்போம். அப்படியன்று, பதினாறு மடங்கு ஆகும். இதனைச் சோதித்துக் கணக்கிட்டவர் 19 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் புவாசேய் என்பவர். ஆகவே தமனிச் சுவரின் தசை சிறிதளவு இறுகினாலும் அழுத்தம் பெரிதும் உயர்கிறது. சிறிதளவு தளர்ந்தாலும் பெரிதும் தாழ்கிறது. இரத்தக் கொதிப்பு மருந்துகளின் வரலாறு என்பது, பெரும்பாலும், அந்த மெல்லிய தசையை நயமாகத் தளர்த்தக் கற்றுக்கொண்ட வரலாறேயாகும்.

அளக்கும் கலை மருந்துக்கு மிக முந்தியது. இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார், ஒரு குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, குருதி எட்டடிக்கு மேல் எழும்புவதைக் கண்டு 1733 இல் நூலாக வெளியிட்டார். மனிதரின் கையில் பட்டையைச் சுற்றி அளக்கும் கருவியை இத்தாலியரான ரீவா-ரோச்சி 1896 இல் அமைத்தார். பட்டைக்குக் கீழே காதுக்குழலை வைத்து ஒலி கேட்டு, மேல் அளவு, கீழ் அளவு இரண்டையும் அறியும் முறையை உருசிய மருத்துவர் கொரட்காப் 1905 இல் வெளியிட்டார். இன்று நம் மருத்துவர் செய்வது அதுவே.

அளக்கத் தெரிந்த பின்னும் நாற்பது ஆண்டுகள் வரை மருத்துவரிடம் தக்க மருந்தில்லை. உப்பில்லாத சோறும் பழமும் மட்டுமே உண்ணச் செய்யும் கடும் பத்தியம் ஒன்று அமெரிக்காவில் இருந்தது. நரம்புகளை அறுத்தெறியும் பெரிய அறுவை முறையும் இருந்தது. வேறு வழியில்லை. உலகின் பெருந்தலைவர்களுள் ஒருவராகிய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12 ஆம் நாள் மூளையில் குருதி கசிந்து இறந்தார். அன்று அவருடைய அழுத்தம் 300க்கு 190. படைகளும் செல்வமும் அறிஞர் கூட்டமும் சூழ இருந்த அவருக்கு, இன்று நம் காலனி மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மாத்திரை அன்று கிடைக்கவில்லை.

வேரும் அதன் பெயரும்

ஆனால் அந்நாளிலேயே நம் நாட்டில் ஒரு வேர் இருந்தது. சர்ப்பகந்தி என்பது அதன் பெயர். நிழலான காட்டோரங்களில் முழங்கால் உயரத்துக்கு வளரும் சிறு செடி. வடநாட்டு வைத்தியர் பாம்புக்கடிக்கும், உறக்கமின்மைக்கும், சித்தப் பிரமைக்கும் அதன் வேரைக் கொடுத்து வந்தனர். பீகார் கடைவீதிகளில் 'பைத்திய மருந்து' என்னும் பொருள்பட வழங்கிய பெயராலேயே அது விற்கப்பட்டது.

இவ்வேரைப் பற்றிய பழைய குறிப்பு ஒன்றும் நம் நகருடன் தொடர்புடையது. 16 ஆம் நூற்றாண்டில் கோவாவில் வாழ்ந்த கார்சியா த ஓர்த்தா என்ற போர்த்துகீசிய மருத்துவர், இந்திய மூலிகைகளைப் பற்றி ஒரு நூல் எழுதி 1563 இல் கோவாவிலேயே அச்சிட்டார். பாம்பு நஞ்சுக்கு எதிராகப் பயன்பட்டதாக அவர் கூறும் கட்டை வகைகளுள் ஒன்று சர்ப்பகந்தியே என்று ஆராய்ந்தோர் கருதுவர். அந்த மருத்துவருக்குப் போர்த்துகீசிய அரசர் குத்தகைக்கு விட்ட தீவு எது தெரியுமா? இந்தப் பம்பாய்த் தீவேதான்! பின்னர் 1703 இல் புளூமியே என்ற பிரெஞ்சுத் துறவி, இவ்வினச் செடிகளுக்கு ரவுல்ப் என்ற ஜெர்மானிய மருத்துவரின் நினைவாக 'ரவுல்பியா' என்று பெயரிட்டார். அந்த ரவுல்ப் மேற்காசிய நாடுகளில் மூலிகை தேடித் திரிந்தவர். இந்தியாவை எட்டிப் பார்த்தவர் அல்லர். நம் மண்ணின் செடிக்கு அவர் பெயர் வாய்த்தது ஒரு வேடிக்கையே.

பெயர் கிடைத்தது, பாட்டி வைத்தியமும் இருந்தது. அறிவியல் ஆராய்ச்சி தொடங்கியது 1931 இல். அவ்வாண்டு கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர், இவ்வேர் சித்தப் பிரமைக்கு மட்டுமன்றி உயர் இரத்த அழுத்தத்துக்கும் மருந்தாகும் என்று எழுதினர். அதே ஆண்டு டில்லியிலுள்ள திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி என்ற வேதியியலார், வேரிலிருந்து சில சத்துக்களைப் பிரித்தெடுத்து, ஒன்றுக்குத் தம் பேரன்புக்குரிய ஹக்கீம் அஜ்மல்கான் பெயரால் 'அஜ்மலின்' என்று பெயர் சூட்டினார். கல்கத்தாவில் இராம்நாத் சோப்ரா முதலியோரும் விலங்குகளில் சோதனை நடத்தினர். எனினும் இவை மேல்நாட்டார் செவியில் ஏறவில்லை. இந்திய வேர் ஒன்று ஐரோப்பிய மருத்துவரால் ஆகாததைச் செய்யும் என்று சொன்னால் அந்நாளில் யார் நம்புவார்? நம்பச் செய்ய வேண்டுமாயின் எண்களைக் காட்ட வேண்டும்.

பரேலில் ஒருவர்

எண்களைக் காட்டியவர் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல். பெயரில்தான் வக்கீல், தொழிலில் இதய மருத்துவர். 1911 இல் பம்பாயில் பார்சிக் குடும்பத்தில் பிறந்து, இலண்டனில் மருத்துவம் பயின்று, 1938 இல் தாயகம் திரும்பினார். மேல்நாட்டில் தங்கிப் பொருள் ஈட்டியிருக்கலாம். அவரோ பரேலிலுள்ள கிங் எட்வர்ட் நினைவு மருத்துவமனையில், அதாவது நாம் கே.இ.எம். என்று அழைக்கும் அதே மருத்துவமனையில், பணி ஏற்றார். 1926 இல் திறக்கப்பட்ட அம்மருத்துவமனை, ஆலைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பகுதியில் அமைந்தது. கொங்கணத்தாரும் ஆந்திரரும் தமிழரும் அங்கே வரிசையில் நின்றனர், இன்றும் நிற்கின்றனர். தாராவியிலும் மாட்டுங்காவிலும் அந்நாளில் குடியேறிய நம் முன்னோர் சிலரும் அந்த வரிசையில் நின்றிருக்கக்கூடும் என்று எண்ணும்போது மனம் நெகிழ்கிறது.

இலண்டனில் கற்ற மருத்துவர் ஒருவர் நாட்டு வேரை இகழ்ந்து ஒதுக்கியிருக்கலாம்; அல்லது நம் முன்னோர் கண்டதெல்லாம் மெய் என்று சோதியாமல் புகழ்ந்திருக்கலாம். டாக்டர் வக்கீல் இரண்டும் செய்யவில்லை. அளந்து பார்த்தார். சர்ப்பகந்தி வேரைப் பொடித்துச் செய்த மாத்திரைகளை நோயாளிகளுக்குக் கொடுத்து, முன்னும் பின்னும் அழுத்தத்தைக் குறித்துக்கொண்டே வந்தார். ஒரு நாளல்ல, ஒரு திங்களல்ல, ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் இவ்வேரைத் தம் நோயாளிகளிடம் கவனித்தார். பின்னர் ஐம்பது நோயாளிகளின் கணக்கைத் தொகுத்து 1949 இல் 'பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்' என்னும் இலண்டன் ஏட்டில் கட்டுரையாக வெளியிட்டார். ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டோர்க்கு மேல் அளவும் கீழ் அளவும் இறங்கியிருந்தன.

அக்கட்டுரை கடல் கடந்து சென்றது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து டாக்டர் ராபர்ட் வில்கின்ஸ் அதைக் கண்டு, அவ்வேரைத் தருவித்துத் தம் நோயாளிகளிடம் சோதித்து மெய்யென்று உரைத்தார். சுவிட்சர்லாந்தில் பேசல் நகரில் சிபா நிறுவனத்தின் அறிஞர்களான முல்லர், ஷ்லிட்லர், பைன் என்னும் மூவர் 1952 இல் வேரின் வலிமைமிக்க சத்தைப் பிரித்தெடுத்து 'ரெசர்பின்' என்று பெயரிட்டனர். 1956 இல் உட்வர்ட் என்ற அமெரிக்க வேதியியலார் அதனை வேரின் துணையின்றி ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டினார். 1957 இல் அமெரிக்காவின் உயர்ந்த மருத்துவப் பரிசாகிய லாஸ்கர் பரிசில் டாக்டர் வக்கீலுக்கும் பங்கு கிடைத்தது. 1958 இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. 1974 இல் அவர் மறைந்தார்.

வேர் உள்ளே செய்தது என்ன?

இனி என் இரண்டாம் வினாவுக்கு வருகிறேன். தமனிச் சுவரின் தசைக்கு 'இறுகு' என்று கட்டளையிடுவன நுண்ணிய நரம்புகள். அந்நரம்பு முனைகளில் சிறு சிறு பைகள் உள்ளன. அவற்றில் நார்அட்ரினலின் என்னும் பொருள் நிரப்பி வைக்கப்பட்டிருக்கிறது. நரம்பு தூண்டப்படும்போது பையிலுள்ள பொருள் வெளிப்பட்டுத் தசையைத் தொடுகிறது; தசை இறுகுகிறது. ரெசர்பின் அந்தப் பைகளை நிரப்பும் இயந்திரத்தையே பூட்டிவிடுகிறது. பை நாளடைவில் காலியாகிறது. கட்டளையிட நரம்பு இருக்கிறது. கொடுத்தனுப்பச் சரக்கு இல்லை. தசை தளர்கிறது, வழி விரிகிறது, அழுத்தம் இறங்குகிறது.

பண்டகசாலையில் இருப்புத் தீர நாளாகும் அன்றோ? அதனால்தான் இம்மருந்து ஒரே நாளில் வேலை செய்வதில்லை. முழுப் பயனும் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகிறது. மருந்தை நிறுத்தினாலும், இருப்பு மீண்டும் சேரும்வரை அதன் விளைவு சில நாள் நீடிக்கிறது. என் தந்தையார் போன்றோரை மயக்குவது இத்தகைய இடைவெளியே. நிறுத்திய மறுநாள் ஒன்றும் ஆகாமையால் மருந்து தேவையில்லை என்று தோன்றிவிடுகிறது.

உண்மை கூறுவதாயின் குறையையும் கூற வேண்டும். ரெசர்பின் தமனி நரம்புகளில் மட்டும் நிற்பதில்லை. மூளையிலும் புகுந்து அங்குள்ள இத்தகைய பைகளையும் காலி செய்கிறது. பழைய வைத்தியர் அதனைச் சித்தப் பிரமைக்குக் கொடுத்ததன் இரகசியமும் இதுவே. அதனால் மூக்கடைப்பு, சோர்வு மட்டுமன்றி, அளவு மிகும்போது சிலருக்கு ஆழ்ந்த மனச்சோர்வும் ஏற்பட்டது. 1974 இல் புற்றுநோய் பற்றிய ஐயம் ஒன்றும் கிளப்பப்பட்டது. பிந்திய ஆய்வுகள் அதனை உறுதிப்படுத்தவில்லை. இக்காரணங்களாலும், நல்ல புதிய மருந்துகள் வந்தமையாலும், ரெசர்பின் மெல்ல மெல்லப் பின்னுக்குச் சென்றது. இன்று அது அரிதாகவே வழங்கப்படுகிறது.

ஆயினும் ஓய்வு பெறுமுன் அது ஒரு பெருந்தொண்டு செய்தது. அழுத்தத்தைக் குறைத்தால் உயிர் பிழைக்குமா, அல்லது எண் மட்டும்தான் குறையுமா என்பது 1960கள் வரை முடிவாகாத வழக்கு. அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளில் டாக்டர் பிரைஸ் என்பவர் தலைமையில், மிகுந்த அழுத்தமுடைய 143 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மெய்ம்மருந்தும் மறு பிரிவுக்கு வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தனர். மெய்ம்மருந்துகள் மூன்று; அவற்றுள் ஒன்று ரெசர்பின். வெறும் மாத்திரை பெற்றோர்க்கு நேர்ந்த மரணமும் பக்கவாதமும் இதயக் கேடும் மருந்து பெற்றோரைவிட மிகப் பலவாக இருந்தமையால் சோதனையைத் தொடர்வதே முறையன்று என்று நிறுத்திவிட்டனர். 1967 இல் அம்முடிவு வெளியாயிற்று. நம் நாட்டு வேரும் ஒரு சாட்சியாக நின்று வழக்கில் தீர்ப்பு வாங்கித் தந்தது எனலாம்.

வேருக்குப் பின் வந்தோர்

இன்று நம் வீடுகளில் உள்ள மாத்திரைகள் சர்ப்பகந்தியின் வழித்தோன்றல்கள் அல்ல. ஆனால் அதே தமனிச் சுவரை நோக்கி வேறு வேறு வாயில்கள் வழியாக நுழைந்தவை.

சிறுநீரை மிகுவிக்கும் தையசைடு மாத்திரைகள் 1950களின் இறுதியில் வந்தன. அவை முதலில் உப்பையும் நீரையும் வெளியேற்றுகின்றன. சில வாரங்களில் தமனிகளும் தளர்கின்றன. 1960களில் ஜேம்ஸ் பிளாக் கண்ட புரோபிரனலால் முதலியவை இதயத்தின் விரைவைக் குறைப்பன. தசை இறுகுவதற்குக் கால்சியம் உள்ளே புக வேண்டும் என்பதை அறிந்து, அவ்வாயிலை அடைக்கும் மருந்துகள் அடுத்து வந்தன. நம்மில் பலர் உட்கொள்ளும் அம்லோடிபின் இவ்வகையது. அது சிறு தமனியை நன்கு விரிக்கிறது. குருதி திரும்பும் சிரையை அவ்வளவு விரிப்பதில்லை. உள்ளே வரும் நீர் மிகுதி. ஆதலால் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் காண்கிறது. வீக்கம் கண்டவர் மருந்தைத் தாமே நிறுத்தாமல் மருத்துவரிடம் கூறினால் மாற்று மருந்து உண்டு.

இன்னொரு வகையின் வரலாறு வேடிக்கையானது. நம் மருந்து பாம்புக்கடி வேரில் பிறந்ததாயின், அது பாம்பின் நஞ்சிலேயே பிறந்தது! பிரேசில் நாட்டில் ஜரராக்கா என்றொரு விரியன் உண்டு. அதன் நஞ்சை ஆராய்ந்த செர்ஜியோ பெரைரா என்பவர், தமனியைத் தளர்த்தும் பிராடிகைனின் என்னும் பொருளின் ஆற்றலை அந்நஞ்சு மிகுவிப்பதை 1965 இல் வெளியிட்டார். அதே நஞ்சுப்பொருள், தமனியை இறுக்கும் ஆஞ்சியோடென்சின் உண்டாவதையும் தடுப்பது தெரிந்தது. அதனைப் பின்பற்றி அமெரிக்காவில் ஒன்டெட்டி, குஷ்மன் என்னும் இருவர் கேப்டோபிரில் என்ற மருந்தைச் செய்தனர். 1981 இல் அது அங்கே விற்பனைக்கு இசைவு பெற்றது. பிராடிகைனின் மிகுவதால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். அத்தொல்லையின்றி ஆஞ்சியோடென்சினின் வேலையை மட்டும் தடுப்பன லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் முதலியவை.

தமனியின் உட்புறத்தைப் பற்றியும் ஒரு சொல். அங்கே ஒரே அடுக்காகப் பரவிய மெல்லிய தோல் உண்டு. நெடுங்காலம் அதனை வெறும் பூச்சு என்றே எண்ணியிருந்தனர். 1980 இல் அமெரிக்க அறிஞர் பர்ச்காட், அந்தத் தோல் சுரண்டப்பட்ட தமனி தளர மறுப்பதைக் கண்டார். அத்தோலே தசையைத் தளர்த்தும் ஒரு பொருளைச் சுரக்கிறது. அது நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு என்று பின்னர் தெரிந்தது. 1998 இல் பர்ச்காட்டும் மற்றிருவரும் நோபல் பரிசு பெற்றனர். உயர் அழுத்தம் நாள்தோறும் மோதி மோதி இத்தோலைக் கெடுக்கிறது. கெட்ட தோல் நைட்ரிக் ஆக்சைடைக் குறைவாகத் தருகிறது. தசை மேலும் இறுகுகிறது. அழுத்தம் மேலும் ஏறுகிறது. சுவரும் தடித்து வழியைக் குறுக்குகிறது. இவையெல்லாம் நோவின்றியே நடக்கின்றன.

இச்சுவர் மீண்டும் சீராகுமா? ஆகும். 1990களில் கனடாவின் மான்ட்ரியல் நகரில் நோயாளிகளின் சிறு தமனித் துண்டுகளை எடுத்து உருப்பெருக்கியில் அளந்தனர். ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் மருந்தை ஓராண்டுக்கு மேல் உட்கொண்டவர்க்குத் தடித்த சுவர் பெரிதும் சீராகியிருந்தது. இதய விரைவைக் குறைக்கும் மருந்தை மட்டும் உட்கொண்டவர்க்கு, அழுத்தம் அதே அளவு இறங்கியிருந்தும், சுவர் அவ்வாறு சீராகவில்லை. ஆகவே எண் இறங்குவது வேறு. சுவர் செப்பமாவது வேறு. எண் சில வாரங்களில் இறங்கும். சுவர் சீராக ஆண்டுகள் வேண்டும். சீரான பின்னும் மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோர்க்கு அழுத்தம் மீண்டும் ஏறுகிறது.

என் தந்தையார் மூன்றாம் திங்களில் கண்டது எண் மட்டுமே. உள்ளே கொத்தனார் அப்போதுதான் சாரம் கட்டிக்கொண்டிருந்தார். வேலை முடிந்துவிட்டதென்று நாங்கள் அவரை அனுப்பிவிட்டோம். "நாங்கள்" என்று எழுதுகிறேன். அவர் நிறுத்தியதை வீட்டிலிருந்த நாங்கள் அனைவரும் அறிந்திருந்தோம். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

நாம் செய்யத் தக்கது

இவ்வரலாற்றிலிருந்து நம் காலனி மக்கள் கொள்ளத் தக்கவை இரண்டு என்று எளியேனுக்குத் தோன்றுகிறது.

ஒன்று, அளவு. சர்ப்பகந்தி நம் நாட்டு வேர் என்பதால், அதன் பொடியைத் தாமே வாங்கி உண்ணலாம் என்று எவரும் எண்ணலாகாது. 'இங்கிலீஷ் மருந்தை விட்டுவிடுங்கள். மூலிகையால் வேரோடு குணமாகும்' என்று இக்காலத்தும் கூறுவார் உளர். வேருக்கு வேர் சத்து வேறுபடும். மிகுந்தால் மனத்தையே கெடுக்கும் என்பதை மேலே கண்டோம். டாக்டர் வக்கீலின் பெருமை வேரைக் கண்டதில் இல்லை. அதை அவருக்கு முன்பே பலர் அறிந்திருந்தனர். பத்தாண்டுகள் பொறுமையாக அளந்தார். அதுவே அவருடைய பெருமை. நாட்டு மருந்தை மதிப்பதாயின் அவர் மதித்தவாறு மதிப்போம். கொதிப்புள்ளவர் தம் அழுத்தத்தை அளந்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வரட்டும். நலமாயிருக்கும் முப்பது வயதினரும் ஆண்டுக்கொரு முறையேனும் அளந்துகொள்ளட்டும். ஊறுகாயிலும் அப்பளத்திலும் கருவாட்டிலும் உள்ள உப்பையும் சற்றுக் கணக்கில் வைத்துக்கொள்ளட்டும்.

மற்றொன்று, தொடர்ச்சி. மாத்திரையை மாற்றுவதும் குறைப்பதும் மருத்துவர் வேலை. சில மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தமும் இதயத் துடிப்பும் முன்னைவிட வேகமாகத் தாக்கும். கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது பெட்டியில் முதலில் வைக்க வேண்டியது அம்மாத்திரை. தாதரில் வண்டியேறி இரண்டு நாள் பயணம் செய்து, திருநெல்வேலியில் இறங்கிய பின் "மாத்திரையை மறந்து வந்துவிட்டேன்" என்று கூறும் பெரியோரை நான் அறிவேன்.

திருவள்ளுவப் பெருந்தகை மருந்துக்கென்று ஓர் அதிகாரம் வகுத்து, அதில் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு நிறுத்தாமல், உடனிருந்து பேணுபவரையும் நான்காவதாகச் சேர்த்துக் கூறினார். வேரைத் தந்தது நம் நாடு. அளந்து தந்தார் பரேல் மருத்துவர். தமனிச் சுவரின் இயல்பைப் பல நாட்டு அறிஞர் கண்டு கூறினர். நான்காமவர் வேலையை மட்டும் வேறெவரும் நமக்காகச் செய்ய முடியாது. அது வீட்டார் வேலை.

என் வீட்டில் இப்போது அவ்வேலையை என் அன்னையார் ஏற்றுள்ளார். இரவு உணவுக்குப் பின் ஒரு குவளை நீரும் ஒரு மாத்திரையும் என் முன் வைத்துவிட்டு, நான் விழுங்கும்வரை அவ்விடம் விட்டு நகர்வதில்லை. "எனக்கு ஒன்றும் இல்லையே, அம்மா" என்று ஒருநாள் கூறினேன். "உங்க அப்பாவும் இதைத்தான் சொன்னாங்க" என்றார். அதன்பின் நான் மறுத்ததில்லை. இம்மலரைப் படிக்கும் அன்பர்கள் இன்றிரவு தம் இல்லத்துப் பெரியோரிடம், "மாத்திரை போட்டாயிற்றா?" என்று ஒரு சொல் கேட்பாராயின், இக்கட்டுரை எழுதிய பயனை அடைந்தவனாவேன்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!